காதை மூடி மூக்கைத் திறந்து வைத்த மார்கழி

எண்பதுகளின் நடுவில், ஒரு மார்கழியில், திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் இன்ஸ்பெக்‌ஷன் வேலைக்குச் சேர்ந்தேன். டெம்பரரி. ஒழுங்காகச் செய்தால் பர்மனென்ட் என்றார்கள்.

சேர்ந்த வாரமே தும்மல். கண்ணில் தண்ணீர் கொட்டும், அளவு பார்க்கும் வெர்னியரில் கோடு தெரியாது. அளவு தப்பிய ஷாஃப்ட்டுகளை ஓகே போட்டு அனுப்பிவிட்டேன். கஸ்டமர் திருப்பி அனுப்பினான்.

சூப்பர்வைசர் தனபால் என் முகத்தைப் பார்த்தார். "இன்னாய்யா, கண்ணு செவந்து கீது? காத்தாலயே ஊத்திகினு வந்தியா?"

"குடிக்கிற பழக்கமே இல்ல சார். மூக்கு ஒழுகுது."

"அப்ப பனிதான். பின்னாடி ஷட்டராண்ட குந்து, வெயில் வரும். காதுல மப்ளர் சுத்திக்க. இன்னொரு தபா ரிஜெக்‌ஷன் வந்துச்சு, அப்டியே ஊட்டுக்குப் போயிடு."

நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். ஷட்டருக்கு வெளியே நெல் வயல். இரண்டே நாளில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

டிஸ்பென்சரிக்குப் போனேன். டாக்டரம்மா மருந்து எழுதுமுன் கேள்வி கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை வருதா?"

"வீட்ல இருந்தா வராது. கோவில்பதாகைல இருக்கேன், கம்பெனிலேர்ந்து தூரம்."

"எந்நேரம் ஜாஸ்தி?"

"காலைல. மத்தியானத்துக்கு மேல கம்மி."

"கம்பெனி பக்கத்துல என்ன?"

"நெல்லு. கதிர் வந்திருக்கு."

"அதான். நெல்லு பூக்கிறது காலைல. அந்தப் பூந்தூள்தான் உங்களுக்கு ஆகல. மாத்திரை தூக்கம் வரவைக்கும், மெஷின் கிட்ட நிக்காதீங்க. வீட்டுக்குப் போனதும் மூஞ்சி கழுவி சட்டைய மாத்துங்க. பூ முடியறவரைக்கும் மத்தியானத்து செகண்ட் ஷிப்ட் கேளுங்க. மூச்சு இழுத்தா உடனே இங்க வந்துடணும்."

தனபாலிடம் சொன்னேன். சிரித்தார். "டெய்லி சோறு துன்றல்ல? நெல்லு எப்டிய்யா ஒத்துக்காம பூடும்?"

"சோத்த மூக்கால துன்றதில்ல சார்."

முறைத்தார். ஆனால் ஒரு வாரம் செகண்ட் ஷிப்ட் கொடுத்தார். மேஜையை ஸ்டோர் பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டேன். கோடு தெரிந்தது. ரிஜெக்‌ஷன் வரவில்லை. வேலை நிலைத்தது.

தும்மல் மட்டும் அடியோடு நிற்கவில்லை. மருந்தும் மாத்திரையுமாகத்தான் ஒவ்வொரு மார்கழியையும் தள்ளினேன். வயலை பிளாட் போட்டு விற்கும்வரை அதே பாடு. அலுத்துவிட்டது.

உங்கள் பக்கத்தில் ஒருவன் தும்மினால், குடிகாரன் என்றோ பனி என்றோ தீர்ப்புச் சொல்லாதீர்கள். எந்நேரம் வருகிறது, எந்த இடத்தில் வருகிறது என்று கேளுங்கள். என்னை அப்படிக் கேட்டது ஒரே ஒரு ஆள். மற்றவர்கள் எல்லோரும் மப்ளர்தான் கொடுத்தார்கள்.