பேசக்கூடாத டீச்சரின் புதுச்சேரிப் பயணம்

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரை பார்ப்பார்கள், ரொட்டிக் கடை தேடுவார்கள். நான் போனது தொண்டையைக் காட்ட. நவம்பர் கடைசி வாரம், வியாழனும் வெள்ளியும். வியாழன் ஒரு பள்ளிக்கூடம், வெள்ளி கோரிமேட்டு அரசு மருத்துவமனை. என்னைப் போல கத்திக் கத்திக் குரல் கம்மிப்போன ஆசிரியர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பீர்கள். இது உங்களுக்காகத்தான்.

திருக்கோவிலூர் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் பதினாறு வருடமாக அறிவியல் எடுக்கிறேன். நான் பாடம் நடத்தினால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து பாஸாகும் என்று கிண்டல் செய்வார்கள். அவ்வளவு சத்தம். தீபாவளி முடிந்து பள்ளி திறந்த அன்று வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. குரல் நாணில் சிறு முடிச்சு என்றார் உள்ளூர் டாக்டர், கோரிமேட்டுக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். "சரியாகலன்னா ஆபீஸ் பக்கம் மாத்தி விடறேம்மா, பதிவேடு பாத்துக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்" என்று தலைமையாசிரியர் நல்ல மனதோடுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து அழுதேன். வகுப்பு இல்லாமல் எனக்கு என்ன நிம்மதி?

பி.எட். படித்தபோது என்னோடு ஒரே அறையில் தங்கியவள் ஷமீமா. இப்போது கருவடிக்குப்பத்தில் ஓர் அரசுப் பள்ளியில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கும் இதே வியாதி. "வாடி. நான் எப்டி கிளாஸ் எடுக்கறேன்னு வந்து பாரு. அப்புறமா ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள் போனில்.

வியாழன் காலை 5.40க்குத் திருக்கோவிலூரில் பஸ். விழுப்புரம் 38 கிலோமீட்டர், முப்பது ரூபாய், ஒரு மணி பத்து நிமிடம். அங்கிருந்து புதுச்சேரி இன்னொரு நாற்பது கிலோமீட்டர், முப்பத்தைந்து ரூபாய். 8.25க்கு இறங்கினேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

பேசக்கூடாது என்பதால் செல்போனில் தட்டச்சு செய்தால் அதுவே வாசித்துச் சொல்லும் ஒரு வசதியை வைத்திருந்தேன். ஆட்டோக்காரரிடம் போனை நீட்டினேன். "கருவடிக்குப்பம் செல்ல வேண்டும்" என்றது ஒரு பெண்குரல், செய்தி வாசிப்பது போல. அவர் என்னைப் பார்க்கவே இல்லை, போனைப் பார்த்தே பதில் சொன்னார்: "நூத்தியெம்பது ஆவும் மேடம்." பிறகு என் பக்கம் திரும்பி, காது கேட்காதவள் என்று முடிவு கட்டி, "அக்கா! நூத்தி! எம்பது!" என்று கத்தினார். ஐயோ, காது நன்றாகத்தான் கேட்கிறது! பேச்சு போனவளைப் பார்த்தால் ஏன் எல்லோரும் கத்துகிறார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அந்தப் பெண்குரலை வைத்துக்கொண்டு பேரம் பேசவும் முடியவில்லை, அதற்குக் கோபமே வராது. முகத்தைச் சுளித்துக் காட்டி நூற்றைம்பதுக்கு முடித்தேன். ஐந்து கிலோமீட்டர்தான், கூட்டமில்லாத நேரத்தில் கால் மணி.

வெளியாள் வகுப்புக்குள் போகத் தலைமையாசிரியையின் அனுமதி வேண்டும். ஷமீமா ஒரு வாரம் முன்பே எழுதி வாங்கியிருந்தாள். நீங்கள் போவதானாலும் அப்படியே செய்யுங்கள், வாசலில் போய் நின்றுகொண்டு கெஞ்சாதீர்கள்.

இப்போது என் புத்திசாலித்தனத்தைச் சொல்லியாக வேண்டும். கிளம்புவதற்கு முன்பு, நாலு நாள் ஓய்வில் திரும்பி வந்திருந்த கொஞ்சம் குரலையும் சேமித்துவிடலாம் என்று, எட்டாம் வகுப்புப் பாடங்களை ராத்திரியும் பகலுமாகப் பேசிப் பதிவு செய்து வைத்தேன். இருபத்திரண்டு பதிவுகள். தொண்டைக்கு ஓய்வு கொடு என்றால் ஒரு வருடப் பேச்சையும் பத்து நாளில் பேசித் தீர்த்த ஜென்மம் நான்! வாத்தியார் வேலை பார்க்கிறவர்களால் மட்டும்தான் இப்படி ஒரு தப்பைப் பெருமையோடு செய்ய முடியும். பென் டிரைவை ஷமீமாவிடம் நீட்டினேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, போட்டுத்தான் பாரேன்" என்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எட்டாம் வகுப்பு, முப்பத்தொரு பெண்கள், சுவரில் ஒரு பெரிய டிவி, அதற்குக் கீழே ஒரு ஸ்பீக்கர். பாடம் ஒலி. என் பதிவு ஓடியது. முதல் மூன்று நிமிடம் ஆடாமல் அசையாமல் கேட்டார்கள். நான்காவது நிமிடம் மழை வலுத்தது, ஜன்னலோரம் இரண்டு பேர் பேச ஆரம்பித்தார்கள். முன் வரிசையில் ஒருத்தி சந்தேகம் கேட்கக் கையைத் தூக்கினாள். என் குரல் நிற்காமல் அடுத்த பத்திக்குப் போய்விட்டது. அவள் கையை இறக்கிக்கொண்டாள். ஏழாவது நிமிடத்தில் பஸ் நிலைய அறிவிப்பை யாரும் கேட்காதது போல என்னையும் யாரும் கேட்கவில்லை. என் குரல் பேசிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் மரம் போல நின்றுகொண்டிருந்தேன். அவமானமாக இருந்தது.

கையை இறக்கிக்கொண்ட அந்தப் பெண்தான் எழுந்தாள். பெயர் கயல். கடலோரக் குப்பத்திலிருந்து வருகிறவள், அம்மாவுக்கு மீன் வியாபாரம்.

"மிஸ், ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே? எங்கம்மாவுக்கும் கூவிக் கூவி தொண்ட போயிடிச்சி. இப்ப வண்டில ஸ்பீக்கர் கட்டிக்கிறோம். 'சங்கரா, நெத்திலி, வஞ்சரம்'னு நான்தான் பேசிப் பதிஞ்சி குடுத்தேன். தெருவுல போவ சொல்ல அதான் கத்தும். ஆனா யார்னா வந்து வண்டிகிட்ட நின்னுட்டா அம்மா டக்குனு ஆஃப் பண்ணிடும். அப்புறம் அம்மாதான் பேசும். அது பாட்டுக்கு கத்திக்கினே இருந்தா வந்தவங்க போயிடுவாங்க மிஸ்."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினாறு வருடம் வந்து நின்றவர்களையெல்லாம் நான் கவனித்தேனா என்று உள்ளுக்குள் ஒரு குடைச்சல்.

ஷமீமா எழுந்து வந்து ஸ்பீக்கரை அணைத்தாள். "கவலப்படாதடி, நானும் இதையேதான் செஞ்சேன். நாலாவது நாளே என் குரலுக்கு மரியாத போயிடிச்சி" என்றாள் காதோரம். பிறகு தன் பாணியில் ஆரம்பித்தாள். இரண்டே நிமிட வீடியோ, சத்தமே இல்லாமல். ஒரு மேளத்தின் மேல் அரிசி குதிக்கிறது. அங்கே இப்போது சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம், புத்தகம் ஆங்கிலம், வீடியோவும் ஆங்கிலம், அந்த வேகம் பிள்ளைகளுக்குப் பிடிபடாது. அதனால் சத்தத்தை அணைத்துவிட்டு, "யார் பேசறீங்க இதுக்கு?" என்று கேட்கிறாள். பிள்ளைகள் தமிழில் வர்ணனை சொல்கிறார்கள், தப்பாகச் சொன்னால் இன்னொருத்தி திருத்துகிறாள். தேவையான இடத்தில் படத்தை நிறுத்துகிறாள். பாடம் முழுக்க அவள் பேசியது பத்து வாக்கியம் இருந்தால் அதிகம்.

மதியம், "இப்ப நீ எடு" என்று என்னைத் தள்ளிவிட்டாள். என் போன் திரையை டிவியில் தெரியும்படி இணைத்துக் கொடுத்தாள். "தொண்டையில் விரல் வைத்து 'ம்' சொல்லுங்கள்" என்று தட்டச்சு செய்தேன். முப்பத்தொரு பேர் ம்ம்ம் என்றார்கள். "மிஸ், அதிருது!" அவ்வளவுதான், பாதிப் பாடம் முடிந்தது. அடுத்து, குரலை அலையாக வரைந்து காட்டும் ஒரு செயலி. வரிசை வரிசையாக வந்து கத்தினார்கள், பாடினார்கள், அலை மேலும் கீழும் குதித்தது.

"மிஸ், உங்க குரல் எப்டி வரும்?" என்று கயல் கேட்டாள்.

பேசக்கூடாது. ஆனால் பதிவுகள் இருக்கின்றனவே. முதல் பதிவிலிருந்து "வணக்கம் பிள்ளைகளே" என்பதை மட்டும் போட்டேன். திரையில் ஒழுங்கான அலை. இருபத்திரண்டாவது பதிவின் "வணக்கம் பிள்ளைகளே"வை அதற்குக் கீழே போட்டேன். அலை அங்கங்கே கிழிந்து, நடுவில் ஒன்றுமே இல்லாமல், கடைசியில் ஒரு கோடாகத் தேய்ந்து போயிருந்தது. என் குரல் போனதை நானே பத்து நாள் உட்கார்ந்து பதிவு செய்திருக்கிறேன். அதுவரை எனக்கே தெரியாது. கண் கலங்கிவிட்டது.

ஒரு பெண் மெதுவாக, "வலிச்சிச்சா மிஸ்?" என்றாள். தலையாட்டினேன். பிறகு அவர்களே ஆரம்பித்தார்கள். நாண் சரியாக அதிராவிட்டால் அலை ஏன் உடைகிறது, கத்தினால் ஏன் வீங்குகிறது, தண்ணீர் குடித்தால் ஏன் நல்லது. மணி அடித்த பிறகும் போகவில்லை. நான் ஒரு சொல் கூடப் பேசாமல் எடுத்த முதல் வகுப்பு அது.

ராத்திரி முல்லா வீதிப் பக்கம் ஷமீமா வீட்டில் தங்கினேன். அவள் மாமியார் என் தொண்டைக்காகக் காரமே இல்லாமல் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தார். நல்ல மனுஷி.

வெள்ளி காலை ஆறரைக்கெல்லாம் கோரிமேட்டில் இருந்தேன். பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள், அதனால் சீக்கிரம் போவது நல்லது. பழைய சீட்டுகள், ஆதார் நகல், தண்ணீர் பாட்டில், உட்கார ஒரு பழைய நாளிதழ் கொண்டு போங்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்ப்பார்கள். பயப்படும்படி இல்லை, கண்ணில் தண்ணீர் வரும், அவ்வளவுதான். "இத்தனை நாளா குசுகுசுன்னு பேசினீங்களா?" என்று இளம் டாக்டர் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். "அதுவும் நாணுக்குக் கெடுதல் டீச்சர். பேசினா மெதுவா, நிஜக் குரல்ல பேசுங்க. இல்லன்னா பேசாதீங்க." இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆபரேஷன் இப்போது வேண்டாம் என்றார். இரண்டு வாரம் முழு மௌனம், அதன் பிறகு குரல் பயிற்சி, ஒரு வகுப்புக்கு ஐந்து நிமிடப் பேச்சு. ஜனவரியில் மறுபடி பார்த்து முடிவு சொல்வார். "சரியாயிடுமா?" என்று எழுதிக் காட்டினேன். "உங்க கையிலதான் பாதி இருக்கு" என்றார் உண்மையாக. மூன்று மணிக்கு வெளியே வந்தேன். இரண்டு நாள் மொத்தச் செலவு, சாப்பாடு ஆட்டோ எல்லாம் சேர்த்து, அறுநூற்று இருபது ரூபாய்.

ஊர் திரும்பியதும் தலைமையாசிரியர் ஆபீஸ் வேலையைப் பற்றிக் கேட்டார். "ஜனவரி வரை வகுப்பிலேயே இருக்கிறேன் சார்" என்று ஒரு தாளில் எழுதி நீட்டினேன். யோசித்துவிட்டு, "சரிம்மா, பாப்போம்" என்றார். எங்கள் பள்ளி ஸ்மார்ட் போர்டு இரண்டு வருடமாகப் பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு இருந்தது. துணியை எடுத்துத் துவைக்கப் போட்டேன். உங்கள் பள்ளியில் போர்டு இல்லாவிட்டாலும் ஒரு போனும் பழைய டிவியும் போதும். வீடியோவை இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். காத்திருப்பதுதான் கஷ்டம், இரண்டு நொடியில் நமக்கு நாக்கு அரிக்கும்.

மூன்றாவது வாரம், எட்டாம் வகுப்பில் சுவாசம். நுரையீரல் விரிந்து சுருங்கும் படத்தைச் சத்தமில்லாமல் ஓட்டி நிறுத்தினேன். யாரும் பேசவில்லை. முன்பானால் நானே இட்டு நிரப்பியிருப்பேன். இப்போது முடியாது, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நெடுநேரம் கழித்து மூன்றாவது பெஞ்சிலிருந்து பவானி எழுந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து என்னிடம் படிக்கிறாள், வாயைத் திறந்ததே இல்லை.

"மிஸ், எங்கம்மா மாசமா இருக்குது. வயித்துக்குள்ள பாப்பா எப்டி மூச்சு வுடும்?"

போர்டை அணைத்தேன். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்த வகுப்புக்கு எனக்கு அனுமதித்த ஐந்து நிமிடத்தையும் மெதுவாக, நிஜக் குரலில், அவளிடம் பேசினேன். கரகரவென்றுதான் வந்தது. அவள் மேலும் இரண்டு கேள்வி கேட்டாள்.

மூன்று வருடமாக அவளுடைய மதிப்பீட்டுப் பதிவேட்டில் 'அதிகம் பேசமாட்டாள்' என்று எழுதி வந்தது நான்தான். அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன் பதிவேட்டை எடுத்து, அந்த வரியை என் கையாலேயே அடித்துவிட்டு வந்தேன்.