இல்லாத வீட்டின் வாசல்

நொஹேமி இசாகிர்ரே பல் மருத்துவர். மனாகுவாவில் என் பக்கத்து வீடு. ஹோண்டுராஸின் சொலுத்தேக்காவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள். கை சுத்தம், பேச்சு குறைவு. இதற்கு மேல் அவளைப் புகழ எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வந்த முதல் நாளைப் பற்றி ஒரே ஒரு முறை சொன்னாள்.

அது 1976. நள்ளிரவு நிலநடுக்கம் ஒன்று நகரின் நடுப்பகுதியைத் தரைமட்டமாக்கி மூன்றரை வருடம் ஆகியிருந்தது. புறப்படுவதற்கு முன் ஆறு மாதம் அவள் எங்கள் ஊரை வரைபடத்தில் படித்தாள். கடையில் கிடைத்தது இடிவதற்கு முன் அச்சான வரைபடம். பழையது என்று தெரிந்தும் தெருத்தெருவாக மனப்பாடம் செய்தாள்.

எல்லையில் பேருந்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்துக்குப் பன்னிரண்டு மணிக்குள் நேரில் வந்து கையெழுத்திடாவிட்டால் அவளுடைய இடம் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். அவள் இறங்கியபோது மணி பதினொன்றரை. "திரையரங்கு இருந்த இடத்திலிருந்து ஏரிப்பக்கம் மூன்று தெரு" என்று கடிதத்தில் முகவரி இருந்தது. எங்கள் முகவரிகள் அப்படித்தான். திரையரங்கு இல்லை, இடுப்பளவு புல்தான் இருந்தது. ஆனாலும் அவள் சரியான இடத்தில் போய் நின்றாள். வரைபடம் பொய் சொல்லவில்லை.

மூன்றாவது தெருவைக் கம்பிவேலி போட்டு அடைத்திருந்தார்கள். சுற்றிப் போனால் கால் மணி நேரம் ஆகும், அதற்குள் பன்னிரண்டு தாண்டிவிடும். நடுவில் வெறும் புல்வெளி, அதற்கு அப்பால் அலுவலகத்தின் தகரக் கூரை. போவோர் வருவோர் எல்லாம் சுற்றித்தான் போனார்கள். அவள் புல்லில் கால் வைத்தாள்.

"ஏ பொண்ணே! சுவத்துல முட்டிக்கிட்டு எங்க போற?" மரவள்ளியும் பன்றித்தோல் வறுவலும் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்தான் கத்தினாள்.

"இங்க சுவரே இல்லையேம்மா!"

"உன் கண்ணுக்கு இல்ல. படிக்க வந்தவளாக்கும்? லட்சணம் தெரியுது."

"பன்னண்டுக்குள்ள போகலன்னா என் சீட்டு போயிடும்மா."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப வாசல் வழியாப் போ. வலப்பக்கம் நாலடி தள்ளு. ம், அங்கதான். கேட்டுட்டு நுழை."

"யாருகிட்ட?"

அந்தப் பெண் குனிந்து இலையில் மரவள்ளி வைக்கத் தொடங்கிவிட்டாள்.

"உள்ள வரலாமா?" என்று நொஹேமி புல்லைப் பார்த்துக் கேட்டாள். பிறகு நடந்தாள்.

"நேராப் போ, நடைய விட்டு விலகாத! இடப்பக்கம் படுக்கையறை."

முழங்கைகளை உடலோடு ஒட்டிக்கொண்டு நடந்தாளாம். இருபுறமும் புல் அசைந்தது, அவள் நடந்த இடத்தில் மட்டும் காற்றில்லை. வெயிலும் தணிந்திருந்தது என்கிறாள். அதை நான் அவ்வளவாக நம்பவில்லை. வெறும் வெளியில் ஒரே ஒரு இடத்தில் எதற்காகவோ தலையைக் குனிந்தாள், நிமிர்ந்தாள், ஓரடி வைத்தாள். அதற்குப் பிறகுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கொல்லை வாசல் தாழ்வு! குனிஞ்சு போ!"

அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். கையெழுத்திட்டபோது மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. இடம் கிடைத்துவிட்டது. அடுத்த பெயருக்குரியவன் எழுந்து சட்டையை உதறிக்கொண்டு போனான்.

"அது யார் வீடு?" என்று நான் கேட்டேன்.

"கேக்கல. கேட்டா பேரு சொல்லுவாங்க. அன்னிக்கு ராத்திரி உள்ள எத்தனை பேரு தூங்கிட்டிருந்தாங்கன்னும் சொல்லுவாங்க."