கமால்தீன் நானாவும் பேலரின் முள்ளும்

கமால்தீன் நானா இறந்த செய்தி என் கைத்தொலைபேசிக்கு எழுத்தாக வந்தது. அவருடைய மகன் அனுப்பியிருந்தார். "வாசிச்சுச் சொல்லவா மாமா?" என்று மருமகள் கேட்டாள். "வேணாம்மா, நானே பாக்குறேன்" என்றேன். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்ற பிறகு, யாருடைய உதவியும் இல்லாமல் நான் வாசிக்கப்போகும் முதல் செய்தி அது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். வா, ப், பா. வாப்பா. சந்தோஷமாக இருந்தது. அடுத்த சொல் 'மௌ' என்று தொடங்கியது. அந்த எழுத்து அதிகம் வராது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அது வந்ததும், அது எனக்குத் தெரிந்ததும் பெருமையாகக்கூட இருந்தது. சொல்லை முழுதாகக் கூட்டி முடித்தபோதுதான் வாப்பா மௌத்தாகிவிட்டார் என்பது விளங்கியது.

கெலிஓயாவில் அவருடைய பட்டறையை அறிந்த உங்களுக்கு அவர் டிராக்டர், மண் தோண்டும் பெக்கோ ஆகியவற்றின் ஹைட்ரோலிக் வேலைகளைச் செய்தவர். பன்வில பக்கத்து மாட்டுப்பண்ணையில் டிராக்டர் ஓட்டிய எனக்கு அவர் பேலர் நானா. பேலர் என்பது வெட்டி வாட்டிய புல்லைப் பெரிய உருளையாகச் சுருட்டிக் கட்டும் மெஷின். அகலமான பெல்ட்கள் புல்லைச் சுழற்றும். ஓர் இரும்புக் கை அந்தப் பெல்ட்களை விறைப்பாக வைத்திருக்கும். அந்தக் கையை எண்ணெயின் அழுத்தம் இழுத்துப் பிடிக்கும். அழுத்தம் குறைந்தால் உருளை தளர்ந்து, காற்றுப் புகுந்து, உள்ளே புல் பூஞ்சணம் பிடித்துவிடும். வறண்ட மாதங்களில் மாடுகளுக்கு அந்தப் புல்தான் சாப்பாடு.

அவர் என்னை அண்ணன் என்பார். நான் அவரை நானா என்பேன், அதற்கும் அண்ணன் என்றுதான் அர்த்தம். யார் மூத்தவர் என்று இருவருமே கடைசிவரை விசாரிக்கவில்லை.

ஒரு நாள் உருளைகள் மெத்தை போலத் தளர்ந்து விழுந்தன. அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. நிலம் முழுவதும் வெட்டிய புல் கிடந்தது. நக்கிள்ஸ் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. நானா வந்ததும் எங்கள் சூப்பவைசர் அவரை உட்காரக்கூட விடவில்லை.

"எஞ்சின் நிப்பாட்டியாச்சு நானா. பிரஷர் எல்லாம் எறங்கிருச்சு. கழட்டுங்க."

நானா குனிந்து குழாயின் நட்டில் ஸ்பேனரை வைத்தார். முகம் அதற்கு மிக அருகில் இருந்தது. அப்படியே கேட்டார்:

"எறங்கினத்த பாத்தீங்களா?"

"பயலுக சொன்னானுங்க."

நானா ஸ்பேனரை எடுத்துவிட்டார். "சென்னாங்க எண்டு செல்ல வாணாம். பாத்தேன் எண்டு செல்லுங்க" என்றார். அதை அவர் எல்லாரிடமும் சொல்வார், நீங்களும் கேட்டிருப்பீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க பெய்த்து பாருங்க. முள்ளு எங்க ஈக்கிது?"

மெஷினின் முன்பக்கம் போய்ப் பார்த்தேன். "நேரா நிக்குது நானா. டிராக்டர் பொகக் கொழா மாதிரி."

பாதி சுருட்டிய உருளை உள்ளே இருந்தது. அது இரும்புக் கையை மேலே தள்ளி வைத்திருந்தது. எண்ணெய் அழுத்தம் கொஞ்சமும் இறங்கியிருக்கவில்லை. நட்டைத் தளர்த்தியிருந்தால் எண்ணெய் அவர் கண்களிலேயே பாய்ந்திருக்கும். சூப்பவைசர் வானத்தைக் காட்டினார்.

"மழ வருது நானா, அதான் அவசரத்துல..."

"புல்லு திரும்ப மொளைக்கும் தம்பி. கண்ணு மொளைக்குமா?"

வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. மற்றவர்களிடம் அவர் "மீட்டர் எத்தன காட்டுது?" என்றுதான் கேட்பார். என்னிடம் மட்டும் எப்போதும் முள் எங்கே இருக்கிறது என்று கேட்டார். எனக்கு இலக்கமும் தெரியாது, எழுத்தும் தெரியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல், என் கண்ணை நம்பித் தன் கண்ணை வைத்தார்.

அன்று உருளையை வெளியே தள்ளி, இரும்புக் கையை இறக்கி, லீவரால் அழுத்தத்தை விட்டோம். என்னை இன்னொரு முறை பார்க்கச் சொன்ன பிறகுதான் வால்வைக் கழற்றினார். உள்ளே வெள்ளையாக ஒரு நூல் சிக்கியிருந்தது. அதை விரலில் எடுத்துக் காட்டினார்.

"தண்ணிக் கொழாய்க்குச் சுத்துற டேப்ப இதுல சுத்தினது யாரு?"

"நான்தான். லீக் நின்னுச்சுதானே நானா" என்றார் சூப்பவைசர்.

"ஓ, லீக்கும் நிண்டிச்சி, மெஷினும் நிண்டிச்சி."

எல்லாரும் சிரித்தோம். சூப்பவைசரும் சிரித்தார். டேப்பின் துணுக்கு வால்வை முழுதாக மூடவிடாமல் தடுத்து, அழுத்தத்தைக் கசியவிட்டிருந்தது. அதைத் துடைத்துப் பூட்டியதும் முள் ஏறியது. புல் கல்லுப் போல உருண்டு வந்தது. கடைசிப் பகுதியை மழை பிடித்துக்கொண்டது. மற்றது தப்பியது.

நான் வகுப்பில் சேர்ந்த பிறகு அவர் ஒரு தடவை பண்ணைக்கு வந்தார். டிராக்டர் பொனட்டில் படிந்த தூசியில் விரலால் 'ஹைட்ரோலிக்' என்று எழுதிக் காட்டினேன். நெடுநேரம் எடுத்தது. அவர் தேநீர்க் கோப்பையோடு பொறுமையாக நின்றார். "இவ்வளவு காலம் இந்த வேல செய்றன், இந்தச் சொல்ல முழுசா எழுத எனக்கே ஏலா" என்றார். அது உண்மையா, என்னைச் சந்தோஷப்படுத்தச் சொன்னதா என்று இனிக் கேட்க முடியாது. அன்று முழுவதும் அந்தத் தூசியை நான் துடைக்கவில்லை.

ஜனாஸா அடக்கத்துக்குப் போனேன். ஓரமாக நின்ற என்னை மகன் கையைப் பிடித்து முன்னால் அழைத்துப் போனார். நானும் மண் போட்டேன்.

புல் வெட்டும் காலத்தில் பண்ணையில் இன்னும் என்னைக் கூப்பிடுகிறார்கள். போன கிழமை பேலரில் ஒரு குழாய் கசிந்தது. நான் ஸ்பேனரை எடுத்தேன். "பிரஷர் எறங்கிருச்சாம் அண்ணே" என்றார் சூப்பவைசர். எனக்குக் கோபம் வரவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "முள்ளு எங்க ஈக்கிது?" என்று நானாவின் பேச்சிலேயே சத்தமாகக் கேட்டேன். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான். சுற்றிக்கொண்டு முன்னால் போனேன்.

நானா எனக்கு விட்டுப்போனது இந்தச் சுற்று நடைதான். முள் கீழே நின்றது. அதன் நேரே ஒரு வட்டம் போட்டிருந்தது. அது பூச்சியம் என்று இப்போது எனக்கு வாசிக்கத் தெரியும். "பாத்தேன் நானா" என்று சொல்லிவிட்டு, திரும்பி வந்து ஸ்பேனரை எடுத்தேன்.