மாப்பிள்ளைக் கால்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எந்த இடத்தில் 'ன', எந்த இடத்தில் 'ண' என்று வாத்தியார் சொல்லிக்கொடுப்பதற்குள் நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டேன். மூன்றாம் வகுப்போடு சரி. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை வாயால் சொல்லலாமே என்றால், நாலு பேர் பார்த்தாலே எனக்கு என் பெயர் மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன். அதற்கும் மூன்று வருஷமாக நாள் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன்.

சுனாமிக்குப் பிறகு அந்தமான் தீவில், ஹட் பேயில் எங்களுக்குத் தகரத்தில் வரிசையாக வீடு போட்டுக் கொடுத்திருந்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். வரிசை வீடு எனக்குப் புதிதில்லை. ஆனால் லயத்துக்குக் கல் சுவர். இங்கே இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தகரம். நான் தும்மினால், பக்கத்து வீட்டு அக்கா அவர் அடுப்படியில் இருந்தபடியே, "தம்பிக்குச் சளி பிடிச்சிருச்சு போல" என்பார்.

பாமாயில் தோட்டத்தில் குலை வெட்டுவது என் வேலை. ஒருநாள் தலை சுற்றி மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சீனி வியாதி என்றார்கள். மாத்திரை கொடுத்த நர்ஸ் மலையாளப் பெண். இந்தியில்தான் பேச ஆரம்பித்தார். எனக்கு இந்தி தெரியும், கூச்சத்தில் விழித்தேன். தெரியாது என்று நினைத்துக்கொண்டு தமிழுக்கு வந்தார்.

"சீனி கூடினா பாதம் மரத்துப் போகும். முள்ளு குத்தினாலும் தெரியாது. புண்ணு பழுத்தா விரலை எடுக்கணும். கால் போனா குலை எப்படி வெட்டுவீங்க?"

சொல்லிக்கொண்டே என் வலது காலைப் பிடித்துத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அரசாங்க ஆஸ்பத்திரியில், அத்தனை பேர் பார்க்க! நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தினமும் கழுவணும். விரல் இடுக்குல துணியால ஒத்தி எடுக்கணும். தேங்காயெண்ணெய் தடவணும், இடுக்குல மட்டும் கூடாது. அடியில கண்ணாடி வச்சு, புண்ணு இருக்கான்னு பாக்கணும். சமஜே, புரிஞ்சுதா?"

"சமஜ் கயா, சிஸ்டர்" என்றேன், அவசரத்தில் இந்தியிலேயே. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே கண்ணாடி. கையளவு, ஓரத்தில் மனைவியின் ஒட்டுப்பொட்டு நாலைந்து. காலையில் அதை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விடுவேன். இரண்டாம் நாளே மனைவியிடம் பிடிபட்டேன்.

"மூஞ்சி பாக்குற கண்ணாடியில காலைப் பாக்குறீங்களே, வெளங்குமா?"

"சிஸ்டர் சொல்லிருக்காங்க."

தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா கேட்டார்: "தம்பி, காலு என்ன சொல்லுது?"

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை. மழை பெய்தாலும் பார்த்தேன். கப்பல் வரும் நாளில் ஊரே காய்கறி வாங்கக் கப்பல்துறைக்கு ஓடும். நான் பார்த்துவிட்டுத்தான் ஓடினேன். குதிகாலுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மச்சம் இருக்கிறது. இத்தனை வருஷம் அதன் மேலேயே நடந்திருக்கிறேன், தெரியாது. என் கத்தியைத் தினமும் சாணை பிடித்திருக்கிறேன். என் காலை ஒருநாள் திருப்பிப் பார்த்ததில்லை. போகப் போக அந்தக் கால்மணி நேரம் எனக்குப் பிடித்துவிட்டது. அப்போது யாரும் என்னிடம் பேச மாட்டார்கள், அக்காவைத் தவிர.

இரண்டு மாதத்தில் கால் பளபளவென்று ஆகிவிட்டது. ஒருநாள் நான் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி குனிந்து பார்த்தாள்.

"இதென்னங்க, ஒரு காலு மாப்பிள்ளைக் காலு, ஒரு காலு மாட்டுக் காலு?"

"சீனி வந்தது வலது காலுக்குத்தானே. அதைத்தான் சிஸ்டர் தூக்கிக் காட்டினாங்க."

"அப்ப சரி" என்று குழம்பை ஊற்றினாள்.

மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கேட்பதற்கு முன்பே வலது காலை ஸ்டூலில் வைத்தேன். சிஸ்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டு, "பாரு, இப்படி வச்சிருக்கணும்" என்றார். எனக்கு வேர்த்துக்கொட்டியது. ஆனால் உள்ளே சந்தோஷம்.

"சரி, அடுத்த கால்."

"அதுக்குச் சீனி இல்லீங்க சிஸ்டர்."

அவர் குனிந்து என் இடது சிலிப்பரைக் கழற்றினார். சுண்டுவிரலுக்கு அடியில் கறுத்து, வீங்கி, சீழ் கோத்திருந்தது. இடுக்கியை விட்டு இழுத்தார். பாமாயில் மட்டையின் முள், நகத்தளவு, முறிந்து உள்ளே கிடந்திருக்கிறது.

"இது யாரு கால்?"

"என்னுதுதாங்க."

"எப்ப குத்திச்சு?"

"தெரியலீங்க." நிஜமாகவே தெரியாது. அப்போதுதான் பயம் வந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். பத்து நாள் தினமும் கட்டுப் போடுவது, அதற்குள் புண் ஆறவில்லை என்றால் போர்ட் பிளேருக்கு அனுப்பி விரலை எடுப்பது என்று சொன்னார்.

வீட்டில் மனைவி அழுதுகொண்டே திட்டினாள். "ரெண்டு காலையும் பாக்கணுமான்னு ஒரு வார்த்தை கேக்க வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?"

தகரம் பேசியது: "ஒன்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவே வாயத் தொறக்காத மனுஷன். காலுக்காகவா தொறக்கப் போறாரு?"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பத்து நாளும் கட்டோடு உட்கார்ந்து அந்தச் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனால், குலையைச் சுமந்துகொண்டு சேற்றில் ஊன்றி நடக்க முடியாது. எனக்கு வேறு வேலை தெரியாது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும் என்பதுதான் புண்ணைவிட உறுத்தியது.

பத்தாம் நாள் சிஸ்டர் கட்டைப் பிரித்தார். வெகுநேரம் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். "பச் கயா. விரல் தப்பிச்சுது. போலாம்."

எழுந்தேன். பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் காது சுட்டது. இருந்தாலும் திரும்பி நின்று கேட்டேன்.

"சிஸ்டர், கண்ணு, காது எல்லாமும் ரெண்டு ரெண்டா இருக்கே. அதுல எதையாவது நான் பாக்காம விட்டுட்டேனா?"

பெஞ்சே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. கண்ணு ரெண்டையும் வருஷத்துக்கு ஒரு தடவை காட்டணும். பல்லு முப்பத்திரெண்டையும் தேய்க்கணும்."

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். எனக்கு இருபத்தெட்டுதான் இருந்தது. அந்த இருபத்தெட்டையும் இரண்டு வேளை தேய்க்கிறேன். கால்களை இப்போது தொட்டிக்குப் பின்னால் போய்ப் பார்ப்பதில்லை. வெளிச்சம் நன்றாக இருப்பதால் வாசற்படியிலேயே உட்கார்ந்து பார்க்கிறேன், இரண்டையும். போகிறவர்கள் கேட்டால் பதில்கூடச் சொல்கிறேன். இன்று காலையிலும் பார்த்தாயிற்று. விரல் பத்தும் இருக்கிறது.

2012 மார்ச் 4, ஞாயிற்றுக்கிழமை.