ரெத்தினம் நீட்டாத கை

சீர்காழிப் பக்கம் நெல் விற்கிற எல்லோருக்கும் வியாபாரி ரெத்தினத்தைத் தெரியும். பிடிக்கும் என்று சொன்ன ஒருவரும் இல்லை. முப்பது வருடமாக அவர் செய்த வேலை, அடுத்தவர் மூட்டையில் குத்தூசியைச் செருகி, வருகிற நெல்லைக் கடித்துப் பார்த்து, "ஈரம் கூட" என்று உதட்டைப் பிதுக்குவது. மேலே காய்ந்த நெல்லைப் போட்டு அடியில் ஈரத்தை மறைக்கிறார்களாம். அதனால் அடிமூட்டையில்தான் குத்துவார். தன்னை ஏமாற்ற ஆள் பிறக்கவில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

இப்பேர்ப்பட்ட சூரருக்கு ஊசி என்றால் உதறல். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வராமல் ஊருக்கே வரமாட்டேன் என்று சிங்கப்பூர் மகள் பூர்ணிமா அடம்பிடித்தாள். லேபிலிருந்து ஃபிளோரா குடோனுக்கு வந்து, "ரெத்தினம் யாருங்க?" என்று கேட்டாள். வேர்வையோடு ஒருவர் வந்து கையை நீட்டினார். ரத்தத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

முடிவைப் பார்த்ததும் மறுபடி மெஷினில் ஓட்டினாள். அதேதான் வந்தது. வெள்ளையணு பதின்மூன்றாயிரம், சிவப்பணுக்கள் பெரிதும் சிறிதுமாக, அளவில் ஒன்றோடொன்று சேரவில்லை. ரெத்தினத்துக்குப் போன் செய்தாள்.

"ஐயா, காய்ச்சல், புண்ணு ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப இதயத்தை ஒரு தடவை பாத்துடுங்க. இப்படி இருக்கிறவங்களுக்கு மாரடைப்பு வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடன்னு சொல்றாங்க. கண்டிப்பா வரும்னு இல்ல. ஆனா சும்மா விடாதீங்க."

ரெத்தினம் சிரித்தார். "எனக்கு ஒண்ணும் வராது. அந்த ரெண்டு நம்பரை மட்டும் சரிபண்ணி அனுப்பு."

ஃபிளோராவுக்கு அருவருப்பாக இருந்தது. நம்பரைத் திருத்தச் சொன்னவர்களை அவள் பார்த்திருக்கிறாள். தன் இதயத்தைப் பற்றிக் கேட்டுச் சிரித்த ஆளைப் பார்த்ததில்லை. மறுநாள் நேரிலேயே போனாள்.

லாரியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. நாற்காலியில் முன்பின் பார்க்காத ஒருவர் நெல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அவள் ஊசி போட்ட கையோ மூட்டையைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஒட்டிய பிளாஸ்திரிகூட உரியவில்லை.

"உங்க பேரு?"

"வீரையன்மா. முதலாளிக்கு ஊசின்னா பயம், அதான்..."

"மார்ல வலி இருக்கா?"

"மூட்டை தூக்கினா வலிக்காதாம்மா? ரெண்டு மாசமா இருக்கு."

ஃபிளோரா நாற்காலிப் பக்கம் திரும்பினாள். "யாரு ரத்தம்னு தெரிஞ்சேதானே சிரிச்சீங்க?"

"லோடு ஏறிடட்டும்மா. அவனுக்கு இரும்பு உடம்பு."

மனிதப் பிறவிதானா இது என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்குப் போவோம், வண்டியில ஏறுங்க" என்றாள் வீரையனிடம். அவர் முதலாளியைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். பிறகு மூட்டையை இறக்கி வைத்தார்.

"டேய், பாதி லோடுல எங்கடா போற?" ரெத்தினம் துள்ளி எழுந்தார்.

ஃபிளோரா பையைத் திறந்து ஊசியை எடுத்தாள். "உங்க ரத்தம் இன்னும் எடுக்கலையே. கையை நீட்டுங்க."

வீரையன், லாரி டிரைவர், நெல் கொண்டுவந்த நாலு பேர், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ரெத்தினம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். ஒரு கையில் குத்தூசி இருந்தது.