அண்ணியின் பெடலும் ஏழு நிமிடமும்

என் அண்ணி ரொட்டித் தொழிற்சாலையில் பாக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறார். மாலை ஆறு மணிக்கு உள்ளே போனால் காலை ஆறேகாலுக்குத்தான் வெளியே வருவார். அத்தனை நேரமும் நின்றபடி வேலை. கை கழுவி, உடை மாற்றி, சைக்கிளை எடுக்க ஆறரை ஆகிவிடும். பதினாலு கிலோமீட்டர் மிதித்து வீடு வந்து சேரும்போது மணி ஏழு பன்னிரண்டு. மகள் வாண்டுவின் ஸ்கூல் வேன் ஏழு ஐந்துக்கே அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். சாயங்காலம் அதே வேன் அவளை இறக்கிவிட ஐந்தரை ஆகும். அண்ணி ஐந்துக்கே வேலைக்குப் புறப்பட்டிருப்பார். பெற்ற பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை மட்டும் விழித்த கண்ணோடு பார்க்கிற அம்மா என் அண்ணி.

வாண்டு என் அண்ணன் மகள். வயது ஏழு. அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு, ஸ்கூல் ரிஜிஸ்டரில் பத்திரமாக இருக்கிறது. அண்ணன் கப்பலில் எலக்ட்ரீசியன், வருடத்தில் இரண்டு மாதம்தான் வீட்டில். ஆகவே வாண்டுவை எழுப்பி, குளிப்பாட்டி, ஊட்டி, அழவைத்து, சிரிக்கவைத்து வேனில் ஏற்றுவது முழுக்க அத்தையான என் பொறுப்பு. நான் துணிக்கடையில் ஆல்டரேஷன் தைக்கிறேன், பத்து மணிக்குப் போனால் போதும். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அதற்கு என் வாய்தான் காரணம் என்பான் அண்ணன். பாதி உண்மை.

அண்ணி வீட்டுக்குள் நுழையும்போது வாண்டு குடித்து வைத்த பால் டம்ளரில் இன்னும் சூடு இருக்கும். அதைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு கழுவி வைப்பார். "நான் கழுவ மாட்டேனா அண்ணி, போட்டுட்டுப் போய்ப் படுங்க" என்பேன். காதில் வாங்க மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாண்டு, ஸ்கூலில் வரைந்த குடும்பப் படத்தைக் காட்டினாள். அப்பா கப்பலில். அத்தை தையல் மெஷினோடு, முகத்தில் பாதி வாய். அம்மா கட்டிலில், கண்ணை மூடிக்கொண்டு. "என்னை அப்படியே வரைஞ்சிருக்கா பாரு" என்று அண்ணி சிரித்தார். சிரித்துவிட்டு எழுந்து போய்ப் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டார். குழாய் வெகுநேரம் ஓடியது.

மறுநாள் பகல் ஷிப்ட் கேட்டுப் பார்த்தார். ஒரு வருஷம் போகட்டும் என்றார் சூப்பர்வைசர். வேன் டிரைவரிடம் ஏழு நிமிடம் நிற்க முடியுமா என்று அண்ணி என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். முடியாது என்று அவர் சொல்கிற மாதிரிதான் கேட்டேன். மிச்சம் இருந்தது சைக்கிள்.

எங்கிருந்தோ அண்ணியின் போனில் அந்தப் பெடலின் விளம்பரம் வந்து சேர்ந்தது. ஷூவின் அடியில் ஒரு சின்ன இரும்புக் கட்டை, அது பெடலில் போய் மாட்டிக்கொள்ளும், கால் வழுக்காது, ஒரு மிதியும் வீணாகாது. பெயர் கிளிப்லெஸ். சைக்கிள் கடையில் அதைக் கையில் வாங்கிப் பார்த்த நான், "கிளிப் இல்லைன்னு பேர் வச்சுட்டு இந்தக் கவ்வு கவ்வுதே" என்றேன். "பேர் வச்சவனைத்தான் கேக்கணும்" என்றார் கடைக்காரர்.

அவர் பொய் சொல்லத் தெரியாத வியாபாரி. எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று அண்ணி கேட்டதற்கு, "ரெண்டு நிமிஷம். மூணுன்னா உங்க அதிர்ஷ்டம்" என்றார்.

"எனக்கு ஏழு வேணும்."

"மீதியை நீங்கதான் மிதிக்கணும்மா."

அண்ணியின் கண் பளபளப்பான பந்தய ஷூ மேல் போனது. கடைக்காரர் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அதில் கட்டை வெளியே துருத்திக்கொண்டிருக்கும், நடந்தால் வாத்து நடைதான். தினம் வேலைக்குப் போகிறவர்களுக்கு, கட்டையைத் திருகி மாட்ட அடியில் இரண்டு ஓட்டை மட்டும் உள்ள வகை போதும், கட்டை ரப்பருக்குள் பதுங்கி இருக்கும், மாடிப்படி ஏறலாம், கடைக்குப் போகலாம் என்றார். பெடலும் ஒரு பக்கம் மாட்டுவது, மறுபக்கம் சாதாரணமாக மிதிப்பது. "பெடல்ல சிக்கனம் பண்ணுங்க, ஷூவுல பண்ணாதீங்க" என்று சொல்லி, யாரோ கழற்றிக் கொடுத்த பழைய பெடலைத் துடைத்துக் காட்டினார். ஷூவை மட்டும் அன்றைக்கு விற்க மறுத்துவிட்டார். பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால் வீங்கியிருக்கும், ஷிப்ட் முடிந்த கையோடு வந்து போட்டுப் பாருங்கள் என்றார். அப்படிப் போட்டுப் பார்த்ததில் ஒரு அளவு பெரிதாகத்தான் தேவைப்பட்டது. கிடைத்தது கத்தரிப்பூ நிறம். விலை குறைத்ததே அந்த நிறத்துக்காகத்தான்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். போன வருடம் ஒரு நாள் நாங்கள் வேனைத் தவறவிட்டோம். வாண்டுவை இழுத்துக்கொண்டு மூன்று தெரு ஓடினேன். அப்போதுதான் தெரிந்தது, எங்கள் வாசலை விட்டுப் போகிற வேன் பின்பக்கத் தெருக்களையெல்லாம் சுற்றிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குக் கடைசியாக வருகிறது என்று. ஏழு இருபதுக்கு வந்து ஐந்து நிமிடம் நிற்கும். வாண்டுவை அங்கே ஏற்றினால் போதும், அண்ணிக்குப் பெடலும் வேண்டாம், ஷூவும் வேண்டாம். இது எனக்கு ஒரு வருடமாகத் தெரியும். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா கண் விழித்துவிட்டால் வாண்டு என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். வாரத்தில் ஆறு காலை எனக்கென்று இருந்தது. அதில் பங்கு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

முதல் வாரம் அண்ணி மூன்று முறை விழுந்தார். மூன்றும் சிக்னலில். சைக்கிள் நின்றுவிடும், கால் மாட்டியிருப்பது மறந்துபோகும், வெட்டிய மரம் மாதிரி மெல்லச் சாய்வார். முட்டியில் நான்தான் மருந்து போட்டேன். போடும்போது தண்ணீர்த் தொட்டி விஷயம் வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். அடுத்த வாரம் ஏழு பத்துக்கு வந்தார். சைக்கிளின் கூடையைக் கழற்றிப் போட்டார், ஏழு ஒன்பது. டயருக்குத் தினமும் காற்று, ஏழு எட்டு. தண்ணீர் குடிக்க நிற்பதை விட்டார். வீட்டுக்குள் வந்து தரையில் உட்கார்ந்தால் பேச்சு வர நேரமாகும்.

ஒரு வியாழக்கிழமை ஏழு ஆறுக்கு வந்துவிட்டார். வாண்டுவை ஏற்றிவிட்டு நான் இன்னும் வாசலில்தான் நிற்கிறேன், வேனின் பின்பக்கம் முனையில் திரும்புகிறது. அண்ணி அதைப் பார்த்தார். பிரேக்கைப் பிடித்தார், காலைக் கழற்ற மறந்தார். என் கண் முன்னால் சாய்ந்து விழுந்தார். எழுந்திருக்கவில்லை. ஒரு கால் பெடலோடு மாட்டியபடியே ரோட்டில் கிடந்து அழுதார்.

"ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம்" என்றார்.

நான் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. "குதிகாலை வெளிப்பக்கமா திருப்பு" என்றார் அழுகைக்கு நடுவில். திருப்பினேன், விட்டது.

"அண்ணி, ஏறுங்க. தண்ணித் தொட்டிகிட்ட வேன் ஏழு இருபதுக்குத்தான் வரும். நின்னுதான் போகும்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும். ஒரு வருஷமா தெரியும்."

அண்ணி என்னைப் பார்த்தார். முழங்கையில் ரத்தத்தோடு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அவர் திரும்பி வருவதற்குள் நான் பத்துப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவும் செய்திருந்தேன். ஏழரை மணிக்கு வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்து, கத்தரிப்பூ ஷூவைக் கழற்றினார்.

"ஜன்னல் வழியா கையை நீட்டினா. பிடிச்சுக்கிட்டேன். வேன் கிளம்புற வரைக்கும் விடல" என்றார். ஷூவை ஓரமாக வைத்துவிட்டு, "நாளைக்கு அங்கேயே ஏத்திவிடலாம். மூணு பேருமா நடந்து போகலாம்" என்றார்.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நீங்களும் அவளும் போங்க அண்ணி. நான் எதுக்கு?"

"நீ இல்லாம அவ என்கூட வருவாளா?"

குத்திக்காட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அண்ணி அதை நிஜமாகவே கேட்டார்.