பேசாமலிருக்கப் படித்தவர்

மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, சாரதா அக்கா போய்விட்டார் என்று போன் வந்தது. உடனே அழுகை வரவில்லை. அவர் பார்த்துவந்த குடும்பங்களையும் இனி நான்தான் பார்க்க வேண்டும் என்ற சலிப்புத்தான் முந்திக்கொண்டது. அவரை அறிந்தவர்கள் கோபிக்க மாட்டீர்கள். இதே ஆலோசனை வேலை செய்யும் உங்களுக்கும் இந்தக் களைப்பு தெரியும்.

வவுனியாவில் இருவரும் ஒன்றாகத்தான் உளவளத்துணைப் பயிற்சி எடுத்தோம். ஒத்திகையில் நான் கோபித்துக்கொண்ட மனைவி, அவர் ஆலோசகர். நான் வாயே திறக்கவில்லை. வேறு யாராவது என்றால் புத்திமதியைக் கொட்டியிருப்பார்கள். அக்கா பேசாமல் இருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் என் சொந்த வீட்டுக் கதையையே சொல்லி அழுதுவிட்டேன். "நாங்கள் கதைச்சுக்கொண்டிருந்தால் அவையள் எப்ப கதைக்கிறது?" என்றார் பிறகு.

முரசுமோட்டையில் ஒரு கணவன் மனைவி. போர்க்காலத்தில் தண்ணீர் எடுத்துவரத் தகப்பன் அனுப்பிய மூத்த மகன் திரும்பவில்லை. "நீங்கள்தானே அனுப்பினியள்" என்று தாய் சொன்னதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. பிறகு தாய் தகப்பனுக்குச் சொல்வதும், தகப்பன் தாய்க்குச் சொல்வதும் எல்லாம் மகள் வழியாகத்தான். "கொப்பரைச் சாப்பிடச் சொல்லு." "கொம்மாட்டை வேண்டாமெண்டு சொல்லு." பல்கலைக்கழகம் கிடைத்தும் மகள் போக மறுத்தாள்.

"நான் போனால் இவை ரெண்டு பேரும் என்னெண்டு இருப்பினம்?"

"அவையின்ரை கதையை இனி நீர் சுமந்து திரியாதேயும், பிள்ளை" என்றார் அக்கா. மாதக்கணக்காக அந்த வீட்டுக்குப் போய், அவர்களோடு மௌனமாக இருந்துவிட்டு வந்தார்.

"சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறியள்" என்று நான் பகிடி பண்ணினேன்.

"சும்மா இருக்கிறது லேசெண்டு நினைச்சீரோ?"

போன கிழமை அந்த வீட்டுக்கு நான் போனேன். அக்கா இறந்ததைச் சொன்னேன். அதற்குமேல் ஏதாவது சொல்ல நாக்கு உன்னியது, அடக்கிக்கொண்டேன். தகப்பன் மகளைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"மிஸ் களைச்சுப்போய் வந்திருக்கிறா. தேத்தண்ணி போடுமன்."

தாய் எழும்பினார். குசினி வாசலில் நின்று, எதிரே இருந்த என்னை விட்டுவிட்டுக் கணவனிடம் சொன்னார்: "சீனி போடுறதோ எண்டு கேளுங்கோ."

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்தக் கிழமை அவள் பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறுகிறாள்.

இதைச் சொல்லிச் சிரிக்க அக்கா இல்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பொறுமை ஒன்றுதான். அதையும் வைத்துக்கொண்டு நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும்.